மாநில அளவில் அறிவியல், கணித ஆசிரியர்களை இணைப்பது எப்படி? ஒரு குச்சியின் நிழலில் தொடங்கலாம்

பெங்களூரில் பள்ளிக் கல்விக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் தமிழர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்ற பொதுத்துறை ஊழியர்கள், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் மாலையில் டியூஷன் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கர்நாடகம் முழுக்க அறிவியல், கணித ஆசிரியர்களை ஒன்றாக இணைக்க எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் பெயர் வைத்து, வாட்ஸ்அப் குழு திறந்து, தொடக்க விழா நடத்துகிறார்கள். சேர்ந்து செய்ய வேலை இல்லாததால் சில மாதங்களில் அது ஓய்ந்துவிடுகிறது. நான் சொல்வது இதுதான்: எந்தப் பள்ளியாலும் தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலையை முதலில் எடுங்கள். வேலைக்காகப் பள்ளிகள் ஒன்றையொன்று தேடும். அமைப்பு, பெயர், பதிவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: வேலையைத் தேர்ந்தெடுங்கள்

நான் பரிந்துரைப்பது பூமியின் சுற்றளவை அளப்பது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் செய்த கணக்கு. இதற்கு வடக்கு தெற்காகத் தள்ளியிருக்கும் இரண்டு ஊர்கள் கட்டாயம் வேண்டும். கர்நாடகத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. தெற்கே பெங்களூரும் வடகோடியில் பீதரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர்கோட்டில் சுமார் 550 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு கெட்டுவிடும், அதனால் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நாள், பிப்ரவரி 28. ராமன் விளைவு 1928இல் கண்டுபிடிக்கப்பட்ட நாள், தேசிய அறிவியல் தினம். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அன்று ஞாயிறு என்றால் அடுத்த வேலைநாளில் செய்யலாம். இரண்டு ஊரிலும் ஒரே நாளில் அளந்தால் போதும், கோண வித்தியாசம் மாறாது.

இரண்டாம் படி: முதலில் உங்கள் பேட்டையில் செய்து பாருங்கள்

இதில் அவசரம் கூடாது. ஒரு மீட்டர் குச்சி, கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம், சாக்பீஸ், நூல். இவ்வளவுதான் செலவு. ரசமட்டம் வைத்துத் தரை சமமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். தூக்குக்குண்டு பிடித்துக் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள்.

நிழலின் முனை கூர்மையாக விழாது என்பதை முதல் தடவையிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சூரியன் ஒரு புள்ளி கிடையாது, வட்டம். அதனால் முனை சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மங்கிக் கிடக்கும். இந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கோணம் அரைப் பாகை பிசகும், சுற்றளவு நாலாயிரம் கிலோமீட்டர் தப்பிப்போகும். வழி இருக்கிறது. குச்சி உச்சியில் சின்ன ஓட்டை போட்ட அட்டையைப் படுக்கையாகப் பொருத்துங்கள். தரையில் விழும் ஒளிப்பொட்டின் நடுவிலிருந்து குச்சியின் அடிவரை அளங்கள். குச்சியின் உயரத்தையும் ஓட்டை வரைக்கும் அளந்து ஒரு மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உச்சிப்பொழுதைக் கண்டுபிடிப்பது. கடிகாரத்தில் 12 அடித்தால் உச்சிவேளை என்று நினைக்காதீர்கள். காலை 11.30க்குப் பொட்டு விழும் இடத்தைக் குறித்து, குச்சியின் அடியிலிருந்து நூல் பிடித்து, அந்தத் தூரத்துக்குத் தரையில் ஒரு வட்டம் போடுங்கள். பொட்டு வட்டத்துக்குள் போய், மறுபடி வெளியே வரும். தொட்ட இரண்டு நேரங்களுக்கும் நடுநேரம்தான் உச்சிப்பொழுது. பெங்களூரில் பிப்ரவரி 28 வாக்கில் 12.32 ஒட்டி வரும். இரண்டாவது தொடுகை 1.34 வாக்கில், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் விழும். பிள்ளைகளை முறைபோட்டு நிறுத்துவதற்குத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வட்டத்தைத் தொட்ட இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கிழக்கு மேற்கு கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்தாகக் குச்சியின் அடியிலிருந்து ஒரு கோட்டை முந்தின நாளே இழுத்து வைத்து, பிப்ரவரி 28 உச்சிப்பொழுதில் பொட்டு அதன் மேல் வரும்போது அளவெடுங்கள்.

அன்று உச்சியில் பெங்களூரில் நிழல் சுமார் 38 செ.மீ., பீதரில் 48.5 செ.மீ. வரும். பத்தாம் வகுப்பு டேஞ்சன்ட் அட்டவணையைப் பார்த்தால் 21 பாகை, 26 பாகை. வித்தியாசம் 5. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளக்கட்டும். 5 பாகைக்கு 550 கிலோமீட்டர் என்றால் முழு வட்டமான 360 பாகைக்கு எவ்வளவு? 550ஐ 360ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 39,600 கிலோமீட்டர். உண்மை அளவு சுமார் 40,000. ஏன் இந்த 5 பாகை வித்தியாசம் பூமியின் மையத்தில் உள்ள கோணமாகிறது என்று யாராவது கேட்டால், அங்கேதான் இணைகோடுகளும் ஒன்றுவிட்ட கோணங்களும் பாடமாக உயிர்பெறுகின்றன. அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: ஆட்களைப் பிடியுங்கள்

ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் அறிவியல், ஒருவர் கணிதம். ஒருவருக்கு மாறுதல் வந்தால் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரைப் பாருங்கள், அப்புறம் அக்கம்பக்கப் பள்ளிகளின் தொகுப்பான கிளஸ்டரைக் கவனிக்கும் சி.ஆர்.பி. என்னும் ஒருங்கிணைப்பாளர், தேவைப்பட்டால் வட்டாரக் கல்வி அதிகாரி. மாவட்ட அளவில் 'டயட்' என்னும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குறிப்புத்தாள் ஒரே பக்கமாக, முதலில் கன்னடத்தில் இருக்கட்டும். தமிழிலும் உருதுவிலும் பிறகு எழுதுங்கள். நாம் தமிழர் என்பதற்காகத் தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் நின்றுவிட்டால் அது மாநில அமைப்பாகாது.

நான்காம் படி: மூன்று திசைகள் போதும்

31 மாவட்டங்களையும் முதல் ஆண்டே பிடிக்க வேண்டாம். பெங்களூர், பீதர், மங்களூர், கோலார் தங்கவயல். ஒவ்வொன்றிலும் மூன்று பள்ளிகள் அளந்து சராசரி எடுத்தால் பிழையும் குறையும்.

மங்களூரை ஏன் சேர்க்கிறேன் என்றால், அது கிட்டத்தட்ட பெங்களூரின் அட்சரேகை. நிழல் நீளம் அதே 38 செ.மீ., ஆனால் உச்சிப்பொழுது 11 நிமிடம் தாமதம். பீதரிலோ நேரம் அதே, நீளம் வேறு. மூன்று ஊர்களின் அளவுகளையும் ஒரே அட்டவணையில் பார்க்கிற பிள்ளைக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் மனப்பாடம் செய்யாமலே புரிகிறது. எந்தப் பாடநூல் படமும் இதைத் தந்து நான் பார்த்ததில்லை.

தங்கவயலில் உச்சி சுமார் 3 நிமிடம் முந்தி வரும். அந்த ஊரைச் சேர்க்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களை 1965இல் அங்குள்ள தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவு செய்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் இந்த அறிவியல் வரலாறு தெரிந்தாக வேண்டும்.

ஐந்தாம் படி: மாதம் ஒரு முறை ஆசிரியர்கள் உட்கார வேண்டும்

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கி, 1978இல்தான் மாவட்டம் முழுவதற்கும் போனது. அதன் முதுகெலும்பு ஆசிரியர்களின் மாதாந்திரக் கூட்டங்கள். எந்தச் சோதனை வேலை செய்யவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று அவர்களே பேசித் திருத்திக்கொண்டார்கள். முப்பது ஆண்டு ஓடிய அந்தத் திட்டத்தை 2002இல் அரசு நிறுத்தியது. எனவே துறையின் ஆதரவைக் கேளுங்கள், ஆனால் கூட்டம் நடப்பதை ஒரு உத்தரவை நம்பி வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவைத் திறக்க வேண்டிய நேரமும் இதுதான், பேச அளவுகள் கையில் வந்த பிறகு.

ஆறாம் படி: பெரிய நிறுவனங்களிடம் குறிப்பாகக் கேளுங்கள்

பெங்களூரில் நேரு கோளரங்கம், விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், கர்நாடக ராஜ்ய விஞ்ஞான பரிஷத் இருக்கின்றன. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரெயில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையம் இருக்கிறது. "உதவி செய்யுங்கள்" என்று கடிதம் போட்டால் பதில் வருவது கஷ்டம். "எங்கள் ஆசிரியர்கள் எடுத்த அளவுகளில் பிழை எங்கே என்று ஒரு மணிநேரம் பேசித் தர முடியுமா?" என்று அட்டவணையோடு கேளுங்கள்.

ஏழாம் படி: அடுத்த வேலை

ஏப்ரலில் கோடை விடுமுறை விடுவதற்குள், எல்லா ஊர்களின் அளவும் இருக்கும் அட்டவணை பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தப்பான அளவையும் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். யாருடையது தள்ளிப்போயிருக்கிறது, ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மழைமானி. அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமுள்ள டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். தினமும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். ஷிவமொக்கா மாவட்டத்து ஆகும்பெயில் ஆண்டுக்கு 7,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் மழை, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி சள்ளகெரெ போவதற்குள் 600 மி.மீ.கூட எட்டுவதில்லை. இதற்காக ஷிவமொக்காவிலும் சித்ரதுர்காவிலும் பள்ளிகள் தேவைப்படும். முதல் ஆண்டு ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பயிற்சிக்காலத் தோழர் ஒருவராவது அவர்களுக்கு இருப்பார்.