மரம் முதிர முதிர வேர்ப் பூஞ்சையும் மாறும்: டெல்டாவில் தோப்பு வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018-ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப்போட்ட பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் மறுநடவு நிறைய நடந்தது. குழி, கன்று, தண்ணீர் எல்லாம் கவனமாகப் பார்க்கிறோம். வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சையைத்தான் மறந்துவிடுகிறோம். மரத்திடம் சர்க்கரையை வாங்கிக்கொண்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை அதற்குக் கொண்டுவந்து கொடுப்பது இந்தப் பூஞ்சைதான்.

நடும்போது ஒரு கை வேம் (VAM என்னும் வேர்ப் பூஞ்சை உரம்) போட்டால் மரத்தின் ஆயுளுக்கும் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. கன்றுக்கு அது உதவும், சரி. ஆனால் மரம் வளர வளர வேரில் குடியிருக்கும் பூஞ்சைகள் மாறுகின்றன. தைலமரக் கன்றில் வேருக்குள் புகுந்து வாழும் வகைதான் முதலில் மிகுதி. போகப் போக, வேர் நுனியை உறைபோல மூடும் வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய தவறு, பழைய மரங்களை ஒன்றுவிடாமல் பெயர்த்து, தரையை ஆழ உழுதுவிட்டுப் புதுத் தோப்பு வைப்பது. ஸ்காட்லாந்தில் 1980-களில் பிர்ச் மரங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வளர்ந்த மரங்களுக்கு அருகே நாற்று நட்டு, சிலவற்றைச் சுற்றி மட்டும் மண்ணை வெட்டிப் பழைய வேரையும் பூஞ்சை இழையையும் அறுத்துவிட்டார்கள். வெட்டிய இடத்து நாற்றில் இளமரத்துப் பூஞ்சைகளே வந்தன. வெட்டாத இடத்தில் முதிர்ந்த மரத்துப் பூஞ்சைகள் பிடித்துக்கொண்டன. ஆக, மரத்தின் வயதோடு, மண்ணுக்குள் இழை அறுபடாமல் இருப்பதும் முக்கியம்.

இதை அப்படியே வேம்புக்கும் தேக்குக்கும் பொருத்திவிடக் கூடாது. பிர்ச்சில் இருப்பது வேர் நுனியை மூடும், காளானாக வெளியே வரும் வகை. வேம்பிலும் தேக்கிலும் இருப்பது வேருக்குள் வாழும் வகை. வெளியே குடை விரிக்காது, கண்ணுக்கும் தெரியாது. மரத்தடியில் காளான் இல்லையே, பூஞ்சையே இல்லை போல என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இந்த வகையிலும் சில, மண்ணைக் கிளறினால் எளிதில் மீள்வதில்லை. அதனால் வரப்போரத்துப் பூவரசையும் புங்கையும் விட்டுவைத்து, அவற்றை ஒட்டி நடுவது நல்லது. பல போகம் தண்ணீர் நின்ற நெல் வயலில் இந்தப் பூஞ்சை குறைந்திருக்கும். அங்கே நடுமுன் ஒரு பயறோ சோளமோ போட்டு எடுத்தால் அது பெருகும்.

கடலோரச் சவுக்குத் தோப்பில் சருகை ஒட்ட வாரி அடுப்புக்குக் கொண்டுபோவதும் வழக்கம். முதிர்ந்த காட்டுப் பூஞ்சைகளில் பலவற்றுக்கு மக்கும் சருகுதான் ஆதாரம். சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடும் தோப்பு, இப்படி முதுமையைக் காண்பதே இல்லை. ஓரத்தில் ஒரு வரிசையையாவது வெட்டாமல், சருகு வாராமல் விடலாம். சவுக்கு வேரில் கொத்துக் கொத்தாக இருக்கும் முடிச்சு பூஞ்சை இல்லை. அது காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர். அதை நோய் என்று நறுக்காதீர்கள்.

அப்புறம் உரம். குழியில் டிஏபியை அள்ளிக் கொட்டினால் மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்; மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துக்கொள்ளும்.

பூஞ்சை என்றாலே மருந்து ஊற்றுவதும் வேண்டாம். 1952-ல் தஞ்சையில் கண்டறிந்த, தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோயும் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் அது வேறு இனம். தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் அந்த மரத்துக்கு மட்டும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) ஊற்றுங்கள். சுற்றிலும் அகழி எடுத்துப் பிரித்துவிடுங்கள். தோப்பு முழுக்க ஊற்றினால் நல்ல பூஞ்சைக்கும் அடி விழும்.