தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டரில் கை சுடாமல் ரிப்பன் மாற்றுவது எப்படி?

வேலையிடத்தில் லேபிள் பிரிண்டரை என்னிடம் ஒப்படைத்தவர் சொன்னது ஒரே வரி: "இதுவும் சாதாரண பிரிண்டர் மாதிரிதான்." மூன்றாம் நாள் ஆள்காட்டி விரலில் கொப்புளம். அப்போது சொல்லித் தர ஆள் இல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

டிரைவர் போடுவது, கேபிள் செருகுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக மூடியைத் திறக்கும் இடத்துக்குப் போவோம்.

முதலில் ஒரு கீறல்

உங்கள் லேபிளுக்கு ரிப்பன் தேவையா என்று பாருங்கள். ரிப்பன் என்பது மை பூசிய நாடா. சூட்டில் அந்த மை உருகி லேபிளில் ஒட்டுவதுதான் தெர்மல் டிரான்ஸ்ஃபர். லேபிளை நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டிலேயே நிறம் மாறும் டைரக்ட் தெர்மல் தாள், ரிப்பன் வேண்டாம். கோடு விழவில்லை என்றால் ரிப்பன் வேண்டும். காகித லேபிளுக்கு மெழுகு ரிப்பன் போதும். பாலியெஸ்டர் மாதிரி பிளாஸ்டிக் லேபிளுக்கு ரெசின் ரிப்பன். அதற்குச் சூடும் கூடுதலாக வேண்டும். கையில் அடிக்கடி உரசும் காகித லேபிளுக்கு இரண்டும் கலந்ததைத்தான் நான் வாங்கச் சொல்வேன்.

மூடியைத் திறக்கும் முன்

அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறதா? கழற்றுங்கள், இல்லையென்றால் சட்டைப் பைக்குள் செருகுங்கள். நீளக் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், தொளதொள சட்டைக் கைகளை மடித்துவிடுங்கள். ரிப்பனைச் சுற்றும் கம்பி மெதுவாகச் சுழல்வதுபோலத்தான் தெரியும். ஒரு கயிற்றைப் பிடித்துவிட்டால் விடாது.

அப்புறம் சுவிட்ச். பாஸ் (Pause) பட்டனை அழுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ் அச்சிடுவதைத்தான் நிறுத்தும். சூடேறி அச்சிடும் பாகமான பிரின்ட்ஹெட்டின் சூட்டை உடனே தணிக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் பவரையே அணைத்துவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கை வைக்கும் முன் பிரிண்டரின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பிரின்ட்ஹெட் வழியாகப் பாய்ந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஹெட் போய்விடும்.

ரிப்பன்: நான் கோட்டை விட்ட இடம்

லேபிள் ரோலை மாட்டுவதில் குழப்பம் வராது. மூடியின் உட்பக்கத்தில் படம் ஒட்டியிருக்கும், அதன்படி போங்கள். ரிப்பனுக்கும் படம் இருக்கும். ஆனால் ரிப்பனின் எந்தப் பக்கம் மை என்பதை அந்தப் படத்தைப் பார்த்து எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை.

ரிப்பன் ஒரு பக்கம் மட்டுமே மை பூசிய மெல்லிய பிளாஸ்டிக். மை லேபிளைப் பார்த்திருக்க வேண்டும், மையில்லாத முதுகு பிரின்ட்ஹெட்டைப் பார்த்திருக்க வேண்டும். கடையில் இரண்டு வகையும் கிடைக்கும்: மை வெளிப்பக்கமாகச் சுற்றியது, உட்பக்கமாகச் சுற்றியது. நான் தவறான வகையை மாட்டிவிட்டேன். லேபிள் வெள்ளையாகவே வந்தது. சூடு போதவில்லை போலிருக்கிறது என்று டார்க்னஸை (ஹெட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஏற்றினேன். என் பிரிண்டரில் அது 0 முதல் 30 வரை. 30க்கே கொண்டுபோனேன். அப்போதும் வெள்ளைதான். உள்ளே மை முழுக்க உருகி ஹெட்டில் அப்பிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து, பவரை அணைக்காமல், விரலால் துடைக்கப் போனேன். கொப்புளத்தின் கதை அதுதான்.

இதைத் தவிர்க்க அரை நிமிடம் போதும். ஒரு லேபிளைப் பிரித்து, அதன் பசைப் பக்கத்தை ரிப்பன் ரோலின் வெளிப்புறத்தில் அழுத்தி எடுங்கள். பசையில் கறுப்பு ஒட்டி வந்தால் மை வெளியே. வராவிட்டால் உள்ளே. உங்கள் பிரிண்டர் எதைக் கேட்கிறது என்று கையேட்டில் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்து மாற்ற வருபவர் உங்களை வாழ்த்துவார்.

ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சமாவது அகலமாக இருக்கட்டும். குறுகலாக இருந்தால், ரிப்பன் மூடாத இடத்தில் லேபிள் நேரடியாக ஹெட்டில் தேய்ந்து அதை அரித்துவிடும்.

மூடி, கேலிபரேஷன், டார்க்னஸ்

ஹெட்டைப் பூட்டும் நெம்புகோலை உள்ளங்கையால் அழுத்துங்கள், விரல்களை இடுக்கில் விடாதீர்கள். பெரிய பிரிண்டர்களின் உலோக மூடி கனமானது. இடுக்கில் கை இல்லாமல் பார்த்து மூடுங்கள். பவரைப் போட்டு கேலிபரேஷன் ஓட்டுங்கள். லேபிள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை சென்சார் அப்போதுதான் கண்டுகொள்ளும்.

டார்க்னஸைக் குறைவாக வைத்துத் தொடங்கி, எழுத்து தெளிவாகும்வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், தெளிந்ததும் நிறுத்துங்கள். கூடினால் ரிப்பன் அறுந்து போகும், ஹெட்டின் ஆயுளும் குறையும்.

ஹெட்டைத் துடைப்பது

ரிப்பன் ரோல் மாற்றும்போதெல்லாம் துடைத்துவிடுங்கள். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த, நார் உதிராத பஞ்சுக் குச்சி போதும். துணி, டிஷ்யூ எனக்குப் பிடிக்காது, நார் ஒட்டிக்கொள்ளும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், பிளேடு எதையும் ஹெட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 203 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) ஹெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 சூடேறும் புள்ளிகள். ஒன்று கீறிப்போனாலும் ஒவ்வொரு லேபிளிலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு ஓடும். அது பார்கோடு மேல் விழுந்தால் ஸ்கேனர் தடுமாறும்.

பவர் அணைந்து, ஹெட் ஆறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலின் ஆவி கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. அறை வெப்பம் அதற்கு மேல்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புட்டியை மூடி வையுங்கள். துடைத்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகே பவரைப் போடுங்கள். கீழே இருக்கும் ரப்பர் உருளையையும் அதே குச்சியால் துடைக்காதீர்கள், புதிதாக ஒன்றை எடுங்கள்.

கட்டர் உள்ள மாடல் என்றால், சிக்கிய லேபிளை விரலால் தோண்டாதீர்கள். பவரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சாமணத்தால் எடுங்கள்.

பிற்சேர்க்கை 1: அச்சில் குறுக்குவாட்டில் சாய்ந்த வெள்ளைக் கோடுகள் வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். அது ஹெட் கோளாறு இல்லை, ரிப்பனில் சுருக்கம் விழுகிறது. ரோல் நேராக உட்கார்ந்திருக்கிறதா, ஹெட்டின் அழுத்தம் இரண்டு ஓரத்திலும் சமமா என்று பாருங்கள். டார்க்னஸ் அதிகமிருந்தாலும் இப்படி வரும்.

பிற்சேர்க்கை 2: பயன்படுத்திய ரிப்பனை எங்கே போடுவது என்று இன்னொருவர் கேட்டார். போடும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மை போன இடமெல்லாம் எழுத்தாகத் தெரியும்: பெயர், முகவரி, போன் எண், நீங்கள் அச்சிட்ட அத்தனையும். எங்கள் இடத்தில் அதை இப்போது துண்டு துண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுகிறோம்.