அண்மைப்புல அளவீடு: குறைந்த புள்ளிகளில் ஆன்டெனாவை அளப்பது எப்படி?

10 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் 60 செ.மீ. அகல ஆன்டெனாவுக்குத் தொலைப்புலம் (கதிர்வீச்சின் வடிவம் தொலைவோடு மாறாத பகுதி) ஏறத்தாழ 24 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்குகிறது. பாலக்காட்டையடுத்த கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் வாடகைக் கட்டடத்தில் ஆய்வுக்கூடம் நடத்துவோருக்கு அவ்வளவு நீளமான அறை கிடைப்பதரிது என்பதால், ஆன்டெனாவுக்கு அருகே, அதாவது அண்மைப்புலத்தில், ஒரு தளத்தில் புள்ளி புள்ளியாக அலையின் வீச்சையும் கட்டத்தையும் (phase) அளந்து, ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் தொலைப்புலத்தைக் கணக்கிடுவதே ஏற்ற வழி. எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதை ஸ்கேனரை, அதாவது புள்ளிக்குப் புள்ளி அளக்கும் கருவியை, நகர்த்தும் முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

அளக்கும் தளம் ஆன்டெனாவிலிருந்து 3 முதல் 5 அலைநீளத் தொலைவில் இருக்கட்டும். அங்கே, பரவாமல் தேய்ந்து மறையும் அலைகள் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிடுவதால், புள்ளிகளுக்கிடையே அரை அலைநீள இடைவெளியே, அதாவது இங்கே 1.5 செ.மீ., போதுமானது. இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் நான்கு மடங்காகுமே தவிர, புதிய தகவல் எதுவும் சேராது.

உண்மையான சிக்கனம் கோணத்தில் இருக்கிறது. தளத்தின் அகலம், ஆன்டெனாவின் அகலத்தோடு, தொலைவையும் ஆன்டெனாவின் நேர்முன் திசையிலிருந்து தேவையான கோணத்தின் டேன்ஜென்டையும் பெருக்கி வருவதன் இரு மடங்கைக் கூட்டியது. தொலைவு 12 செ.மீ., கோணம் 60 டிகிரி எனில் அகலம் சுமார் 102 செ.மீ.; பக்கத்துக்கு 69 வீதம் 4,761 புள்ளிகள். முதன்மைக் கற்றையும் அதையொட்டிய பக்கக் கற்றைகளும் மட்டுமே தேவையென்று 30 டிகிரியோடு நிறுத்தினால் அகலம் 74 செ.மீ. ஆகிறது, இடைவெளியையும், அலைநீளத்தை 1 + சைன் 30° என்பதால் வகுத்து, 2 செ.மீ. வரை விரிக்கலாம். மொத்தம் 1,444 புள்ளிகள். ஆனால் அந்தக் கோணத்துக்கு வெளியே வரும் முடிவை நம்பக் கூடாது. அதை வைத்துத் திசைத்திறனை (ஆன்டெனா ஒரு திசையில் ஆற்றலைக் குவிக்கும் அளவை) கணக்கிடவும் கூடாது.

புள்ளிகளைக் குறைப்பது துல்லியத்துக்கும் உதவும் என்பதே என் உறுதியான கருத்து. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் வெயிலில் பிற்பகலுக்குள் அறையும் கேபிளும் சூடேற, கட்டம் மெல்ல நகர்கிறது. இந்த அதிர்வெண்ணில் 0.08 மி.மீ. பாதை மாற்றமே ஒரு டிகிரிக்குச் சமம் என்பதால், ஸ்கேன் நீள நீளப் பிழையும் வளரும். அதிகாலையில் அளப்பதும், வரிசைகளை அளந்து முடித்தபின் அவற்றுக்குக் குறுக்கே ஒரே ஒரு வரிசையை விரைவாக அளந்து, அதைக் கொண்டு நகர்வைத் திருத்துவதும் நல்லது.

எல்லாத் திசைகளிலும் கதிர்வீசும் ஆன்டெனாவுக்குத் தளம் உதவாது. கோளப்பரப்பில்தான் அளக்க வேண்டும். ஆன்டெனாவை அடக்கும் கோளத்தின் ஆரத்தை அலைஎண்ணால் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்து வருவது) பெருக்கி, 10 கூட்டி, வரும் எண்ணால் 180 டிகிரியை வகுத்தால் கோண இடைவெளி கிடைக்கும். 30 செ.மீ. ஆரத்துக்கு அது சுமார் 2.5 டிகிரி; 2 டிகிரி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.