கிரீன் டேவை எந்த வரிசையில் கேட்பது?

அமெரிக்க ராக் குழுவான கிரீன் டேவைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் நேராக 2004-இல் வந்த ‘அமெரிக்கன் இடியட்’ ஆல்பத்துக்குப் போய்விடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துக்கொண்டிருந்த ஒரு பங்க் ராக் குழு ஒன்பது நிமிடப் பாட்டு எழுதும் அளவுக்கு எப்படி வந்தது என்பது அதை மட்டும் கேட்டால் பிடிபடாது.

முதலில் 1994-இன் ‘டூக்கி’. ஒரே மூச்சில் கேட்டுவிடலாம், நாற்பது நிமிடம்தான். கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் யாரைப் பற்றிப் பாடுகிறார்? பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான், தன் சலிப்பு, தன் பதற்றம். அடுத்து வந்த ‘இன்சோம்னியாக்’ இன்னும் முரட்டுத்தனமான ஆல்பம், இந்தக் கதைக்கு இப்போதைக்கு வேண்டாம் (அதன் ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்).

1997-இன் ‘நிம்ராட்’டில் ‘குட் ரிடன்ஸ்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆரம்பத்திலேயே பில்லி ஜோ கிட்டாரைத் தப்பாக மீட்டி, திரும்பவும் தப்பாக மீட்டி, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையை முனகிவிட்டுத்தான் பாட ஆரம்பிப்பார், அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். டிரம்ஸ் கிடையாது, ஒரு அகூஸ்டிக் கிட்டார், பிறகு வயலின்கள், அவ்வளவுதான். முடிந்தால் 1996-இல் ஒரு சிங்கிளின் பி-சைடாக (தனியாக வெளியிட்ட பாட்டோடு கூடுதலாகச் சேர்த்த பாட்டாக) வந்த பழைய வடிவத்தையும் தேடிக் கேளுங்கள். அது இன்னும் வேகமாக ஓடும், மெட்டு அப்போதே இருந்தது, நிதானம்தான் வரவில்லை.

2000-இன் ‘வார்னிங்’ அவ்வளவாக விற்கவில்லை, அதனாலேயே பலர் தாண்டிப் போவார்கள். என்னைக் கேட்டால் திருப்பமே இங்கேதான். அதில் ‘மிசரி’ என்றொரு பாட்டு, அக்கார்டியன் எல்லாம் வைத்து, கெட்டுச் சீரழிந்த நாலைந்து பேரின் கதையை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போகும். ‘நான்’ போய் ‘அவன்’, ‘அவள்’ வந்துவிட்டார்கள். வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.

சரி, இப்போது ‘அமெரிக்கன் இடியட்’டுக்குப் போகலாம். அதிலுள்ள ஒன்பது நிமிடப் பாட்டான ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’வை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் மாறும் இடத்தை நீங்களே கண்டுபிடிக்கப் பாருங்கள். வேகம் அங்கேயும் குறையவில்லை, கதை சொல்ல ஒரு பாத்திரம் கிடைத்திருக்கிறது.