ஈரக் கையும் தொடுதிரையும்: புதிதாக வடிவமைப்போர் தவிர்க்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கும் இடையிலுள்ள கடைகளுக்கு மின்னணுத் தராசு, பில் கருவி ஆகியவற்றின் திரைகளை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். கல்லூரி முடித்த கையோடு இதற்குள் வரும் பிள்ளைகளின் வேலையை அவ்வப்போது பார்க்க நேர்கிறது. நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில் வரிசை தப்பாமல் விழுகிறார்கள். நிறப் பொருத்தம், படக்குறி பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொத்தானைச் சுருக்குவது

9 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

விசைகளைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி வைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மீன்கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தராசை எடுத்துவிட்டு, எண் விசைகளே இல்லாத, முழுக்கக் கண்ணாடியான கருவியை ஓர் இளைஞர் கொண்டுவந்து வைத்தார். மேசையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கடைக்காரம்மா சாளைக்கு விலையாக 160 அடித்தால் 1160 என்று விழுந்தது. "மக்களே, தொட்டால் கேட்கவில்லை, தொடாவிட்டால் கேட்கிறது" என்றார் அந்த அம்மா. குறையை அதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளரும் எழுதித் தந்துவிட முடியாது.

கண்ணாடிக்கு அடியில், பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடால் ஆன, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அங்கே மின்புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கருவி 'தொடுகை' என்று எடுத்துக்கொள்கிறது. உப்பும் ஐஸும் கரைந்த மீன்தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். தனித்துளி ஒன்று விழுந்தால் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும். தண்ணீர் படலமாகப் பரவிவிட்டால் விரல் எங்கே முடிகிறது என்பதே அதற்குப் புரியாது.

இளைஞர் கண்டுபிடித்த தீர்வு, கருவியின் ஓரத்தில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டது! அதில் இன்னொரு வம்பு. திரை ஈரமாகவே சிறிது நேரம் இருந்தால், அந்த ஈரநிலையையே இயல்பு நிலை என்று கருவி கணக்கிட்டுக்கொள்கிறது. பிறகு துடைத்ததும், ஈரம் போன இடத்தை விரல் பட்ட இடமாக எண்ணி, யாரும் தொடாத எண்ணைப் பதிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் மாவட்டத்தில், மழைச்சாரல் அடிக்கும் திண்ணைக் கடைக்கு இப்படி ஒரு கருவி.

ஈரத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த அம்மாவின் கண் எப்போதும் மீன்மீதும் வாங்குபவர்மீதும் இருக்கும். பழைய தராசில் 5 என்ற விசையின்மேல் ஒரு சிறு புடைப்பு உண்டு. கட்டைவிரல் அதைத் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலும் கீழும் நகர்ந்து, திரும்பிப் பாராமலேயே விலையை அடித்துவிடும். வழவழப்பான கண்ணாடியில் விரல் எதைத் தடவும்?

2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அந்தக் கப்பலை இயக்கிய தொடுதிரை அமைப்பின் வடிவமைப்பும் விசாரணையில் குறை சொல்லப்பட்டது. 2019இல் அந்நாட்டுக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு மறுபடியும் கைப்பிடிகளையே பொருத்த முடிவு செய்தது. போர்க்கப்பலே திரும்பிவிட்டது; நம் ஆட்கள் மீன்கடையில் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

பட்டியல், படம், நாள்கணக்கு எல்லாம் திரையில் இருக்கட்டும். பார்க்காமல் அடிக்கும் எண்களுக்கு விசை வேண்டும். விசை வைக்க இடமே இல்லையென்றால், அழுத்தத்தால் இயங்கும் பழைய வகைத் திரையையாவது போடுங்கள். அது மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் ஈரத்துக்கு அசையாது, கையுறைக்கும் கத்திப்பிடிக்கும் கூடக் கீழ்ப்படியும்.

விரல் பட்ட கணமே செயல்படுத்துவது

விரல் வைத்தவுடன் 'அழி' நடந்துவிட்டால், தவறிய விரலை நகர்த்திக்கொள்ள வாய்ப்பில்லை. விரலை எடுக்கும்போது செயல்படுத்தினால் பிழை குறைகிறது என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் விரல் பட்டதும் பொத்தானின் நிறமாவது மாற வேண்டும். மாறாவிட்டால் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை அழுத்துவார்கள், பில் இரண்டாகும்.

மலிவு சார்ஜர்

தானாகத் தொட்டுக்கொள்ளும் திரையைக் கழற்றுவதற்கு முன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

எழுத்தை நெருக்குவது

ஆங்கிலத்துக்கு அளவெடுத்த கட்டத்தில் தமிழைத் திணித்தால் மேலே புள்ளியும் கொக்கியும் வெட்டுப்படும், கீழே உகரச் சுழிகள் அறுபடும். வரி உயரத்தை எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்காவது வையுங்கள். மொழி மாற்றும் பொத்தானை அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு ஆழத்தில் புதைக்காமல் முகப்பிலேயே விடுங்கள். களியக்காவிளையில் காலையில் கடை திறக்கும் மாமனார் தமிழ் வாசிப்பார். மாலையில் வந்து உட்காரும், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலை மருமகனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும்.