திரிந்துபோன தேங்காய்ப்பால்

போன பொங்கலுக்குத் தம்பி, தங்கை குடும்பமெல்லாம் வீட்டில் கூடியிருந்தார்கள். ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள, ஆச்சி செய்வதுபோல் வெல்லம் போட்ட தேங்காய்ப்பால் வைத்தேன். கொதிக்கிற பாலிலேயே வெல்லத்தைத் தட்டிப் போட்டதுதான் தப்பு. திப்பி திப்பியாகத் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. அடியில் மண் வேறு!

சரி, இன்னொரு தேங்காயை உடைத்துத் துருவி, அரைத்து, முதலில் பிழிந்த கெட்டியான முதல் பாலையும், தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்த இரண்டாம் பாலையும் தனித்தனியாக எடுத்துவைத்தேன். முக்கால் கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைய விட்டு, வடிகட்டி, விரல் வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவைத்தேன். இரண்டாம் பாலை மட்டும் லேசாகச் சூடாக்கி, இறக்கியபின் பாகை ஊற்றினேன். கடைசியில் கெட்டியான முதல் பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முதல் பாலை அடுப்பில் வைக்கவே இல்லை. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதில்தான் ருசி. தங்கை மகன் ஆப்பத்தை மறந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.