திட உந்துபொருளின் இழுவை வரைபடத்தைப் படிப்பது எப்படி?

அருவங்காட்டில் கார்டைட் (ஒருவகைப் புகையில்லா வெடிமருந்து) ஃபேக்டரி நூறு வருஷத்துக்கும் மேலாக இருப்பதாலோ என்னவோ, குன்னூர்ப் பிள்ளைகளுக்கு ராக்கெட் மீது ஒரு சொந்தம் உண்டு. திட உந்துபொருள், அதாவது ராக்கெட்டின் கெட்டி எரிபொருள், இழுக்க இழுக்க எவ்வளவு விசை தாங்கி எவ்வளவு நீள்கிறது என்று காட்டுவது இழுவை வரைபடம். அதை வைத்து ப்ராஜெக்ட்டோடு என்னிடம் வருகிறவர்கள் முதலில் காட்டுவது, அது தாங்கிய அதிகபட்சமான உச்ச வலிமை எண்ணைத்தான். ரப்பர் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அது கடைசியில் பார்க்கிற எண்.

தம்பி, முதலில் நீட்சியை, அதாவது அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்பதைப் பார். இன்றைய கலவை வகை உந்துபொருள் உள்ளபடியே ஒரு ரப்பர்தான். எரிய ஆக்ஸிஜன் தரும் பொருள் முதலானவற்றின் தூளை, எடையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் அடைத்த ரப்பர். அதை ராக்கெட்டின் உருக்குக் கூட்டுக்குள் ஊற்றி, சுமார் 60 டிகிரியில் இறுக வைத்து, சுவரோடு ஒட்டிவிடுகிறார்கள். ஆறும்போது அது உருக்கைவிடப் பல மடங்கு சுருங்கப் பார்க்கும், சுவர் விடாது. அதனால், எரிவதற்காக நடுவில் விட்ட துளையின் உள்பக்கம் எப்போதும் இழுபட்டே இருக்கும். மேட்டுப்பாளையத்து வெயிலைவிட ஊட்டியின் ஜனவரிக் காலையில் அந்த இழுப்பு அதிகம். விரிசல் விட்டால் எரியும் பரப்பு திடீரென்று கூடி, அழுத்தம் எகிறிவிடும்.

அடுத்து, எந்த வெப்பநிலையில், எந்த வேகத்தில் இழுத்தார்கள் என்று பார். இந்த இரண்டும் இல்லாத ரிப்போர்ட்டை நான் மேலே படிப்பதில்லை. குளிரில் இழுப்பதும் வேகமாக இழுப்பதும் ஏறக்குறைய ஒரே விளைவைத் தரும்: பொருள் விறைத்துப் போகும். பற்றவைத்த நொடியில் வருவது வேகமான இழுப்பு. ஆகவே குளிரில், வேகமாக இழுத்த வரைபடம்தான் முக்கியம்.

அப்புறம், கோடு நேராக ஏறி எங்கே வளைகிறது என்று கவனி. பெரும்பாலும் அங்கேதான் தூள் ரப்பரிலிருந்து விடுபட்டு, நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகின்றன.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நிஜ உந்துபொருளை யாரும் தொடவே வேண்டாம். அதிலுள்ள ரப்பருக்குப் பதில் சீலன்ட், தூளுக்குப் பதில் சமையல் உப்பு போதும். ஹார்டுவேர் கடையில் கறுப்பு சிலிக்கான் சீலன்ட் ஒரு குழாய் வாங்கு. வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பைத் தாராளமாகக் கலந்து, பிளாஸ்டிக் தாள் மேல் மெல்லிய பட்டையாக இழுத்து நன்றாகக் காயவிடு. ஜன்னலைத் திறந்து வை, அந்த வாடை தலைவலி. பிறகு வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக இழு. உப்புத் துகளைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக வெளுப்பதைத் தேடு. பட்டை அறுவதற்கு வெகு முன்பே அது தொடங்கும். இன்னொரு பட்டையை, ஐப்பசி மழையில் கசகசத்துப் போன உப்பைப் போட்டுச் செய்து ஒப்பிடு. நிஜத்திலும் ஈரம் தூளுக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிடிப்பைத்தான் கெடுக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் சோதனைத் துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க வேண்டும்.

உந்துபொருள் எத்தனை வருஷம் தாங்கும் என்ற ஆயுள் கணக்குக்கு, சோதனைக்கூடத்தில் துண்டுகளை மிதமான சூட்டுள்ள வெப்பப் பெட்டியில் (சமையல் அடுப்பில் அல்ல) வைத்து, இடைவெளி விட்டு எடுத்து இழுப்பார்கள். ஆக்ஸிஜனால் ரப்பர் மேலும் இறுகும். விறைப்பு ஏறும், நீட்சி குறையும். இதில் ‘வலிமை கூடியிருக்கிறது’ என்று சந்தோஷமாக எழுதிவிடாதே, அது முதுமை. கார்டைட் வகைக்கு இந்த இழுவை மட்டும் போதாது. அது தானாகச் சிதைவதைத் தடுக்கச் சேர்த்த நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம் என்று வேதியியல் சோதனையும் வேண்டும்.

அட்டவணையில் உச்ச வலிமையைக் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளிவிட்டு வா, மற்றதைப் பேசலாம்.